எருக்குவியலிலிருந்து போன புழு

கண்டியிலிருந்து தெல்தெனியப் பக்கம் போகையில், திகனயில் வீட்டுத் தோட்டங்கள் விக்டோரியா நீர்த்தேக்கத்தை நோக்கிச் சரிந்து கிடக்கும். தென்னை, பலா, மிளகு, ஒரு மூலையில் எருக்குவியல். மண்வெட்டியால் கிளறினால் பெருவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் உருளும். பழுப்புத் தலை, கொக்கிபோல வளைந்த உடல். கோழிகள் ஓடிவரும். தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் பிள்ளைப்பருவம் இது. சிங்கள அயலவர்கள் குருமிணியா என்பார்கள்.

முட்டை பொரித்த நாள் முதல் சாணமும் உக்கிய மரமும்தான் இதன் உலகம். ஒரு சிட்டிகை எருவில் கோடிக்கணக்கில் பற்றீரியாக்கள் இருக்கும். அவற்றையும் சேர்த்துத் தின்றபடி மாதக்கணக்கில் கொழுக்கிறது. நமக்கென்றால் ஒரு கவளத்துக்கே ஆஸ்பத்திரிதான்.

மண்வெட்டி பட்டுத் தோல் கிழிந்த புழு ஒன்றைக் கோழிக்குத் தப்பவைத்துச் சிரட்டையில் போட்டுப் பாருங்கள். காயம் கறுக்கும். வெட்டிய வாழைப்பூவைக் கறுக்க வைக்கும் நொதிக்கு ஒருவகையில் உறவான நொதி இங்கே வேலை செய்கிறது. மெலனின் காயத்தின் வாயை அடைக்கிறது. அது உருவாகும்போது பிறக்கும் நச்சுப் பொருள்கள் நுழைந்த கிருமிகளையும் தாக்குகின்றன. தப்பி உள்ளே போனவற்றைக் குருதிக் கலங்கள் விழுங்கும். விழுங்க முடியாத திரளென்றால் சுற்றிக் கூடி முடிச்சாகக் கட்டிவிடும்.

இதற்குள் பற்றீரியாச் சுவரின் துண்டுகளை இனங்கண்ட புரதங்கள் செய்தி அனுப்பியிருக்கும். நம் ஈரலின் வேலைகளில் பலவற்றைப் புழுவில் பார்ப்பது கொழுப்புடல். அது சில மணி நேரத்தில் கிருமிகொல்லிக் குறும்புரதங்களைக் குருதியில் கொட்டுகிறது. நேர்மின்னேற்றம் கொண்ட இவை பற்றீரியாவின் எதிர்மின்னேற்ற மென்சவ்வில் ஒட்டி அதைக் குலைத்துவிடுகின்றன. நம்மைப்போல் பிறபொருளெதிரி புழுவிடம் இல்லை. வந்தவனின் பெயரை அது கேட்பதில்லை, சட்டையை மட்டும் பார்க்கிறது.

இந்த உடம்போடுதான் அது கடல் கடந்தது. 1909இல் இலங்கையிலிருந்து இறப்பர் கன்றுகள் சமோவாவுக்குப் போயின. சமோவா அப்போது ஜேர்மனியின் கையில் இருந்தது. கன்றுகளோடு வண்டும் போய் இறங்கிற்று. இலங்கை இறப்பரின் பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பயணியைப் பற்றி வாய் திறப்பதில்லை. தென்னையை நம்பிய தீவுகள் அவை. இயற்கை எதிரிகள் குறைவு, விழுந்து உக்கிய தென்னந்தண்டுகள் ஏராளம். 1921இல் தொங்கா, 1953இல் பிஜி என்று வண்டு தீவு தாவியது.

1963இல் மலாயாவில் அலோயிஸ் ஹூகர் என்ற ஜேர்மன் ஆய்வாளர் நோயுற்ற புழுக்களில் ஒரு வைரசைக் கண்டார். 1967இல் அது சமோவாவில் விடப்பட்டது, வண்டுகள் குறைந்தன. பற்றீரியாச் சுவரைத் தேடும் காவலால் இங்கே என்ன செய்ய முடியும்? வைரசுக்குச் சுவரே கிடையாது. கலத்துக்குள் புகுந்து அங்கேயே பெருகும். வைரசுக்கெனப் பூச்சிகளிடம் வேறு காவல் உண்டு, அது போதவில்லை.

பூச்சிக் குருதியின் மருந்துப் பக்கம் திறந்தது அதற்குப் பிறகுதான். 1980களின் தொடக்கத்தில் சுவீடனில் ஹான்ஸ் போமன், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து செக்ரோபின் என்ற கிருமிகொல்லிக் குறும்புரதத்தைப் பிரித்தார். 1996இல் பிரான்சில் ஜூல்ஸ் ஹொஃப்மனின் குழு, பழ ஈயில் டோல் என்ற மரபணுவே இந்த அபாயச் சங்கை ஊத உதவுகிறது என்று காட்டியது. 2011இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நமது எருப்புழுவின் முறை 1999இல் வந்தது. ஜப்பானில் இஷிபாஷியும் யமகவாவும் சகாக்களும் அதன் குருதியிலிருந்து டிஃபென்சின் என்ற இன்னொரு கிருமிகொல்லிக் குறும்புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 40 சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டெஃபிலோகொக்கசை அது நன்றாகவே அடக்கியது. அதிலிருந்து 9 அமினோ அமிலங்கள் அளவுக்கு ஒரு துண்டை வெட்டித் திருத்தினார்கள். மெதிசிலின் என்ற மருந்துக்கு மசியாத ஸ்டெஃபிலோகொக்கசும் ஆய்வுக்கூடத்தில் அந்தத் துண்டுக்கு மசிந்தது. இன்னும் மருந்துக்கடைக்கு வந்தபாடில்லை. அதை உண்டாக்க இனிப் புழுவும் தேவையில்லை, சங்கிலியை இரசாயன முறையில் கோத்துவிடலாம்.

2007இல் குவாம் தீவில் தலைகாட்டியது இதே வண்டின் வேறொரு வம்சம். சமோவாவில் பலித்த வைரசு அதனிடம் பலிக்கவில்லை.

சிரட்டைப் புழுவின் காயம் இப்போது கரும்பொட்டாகக் காய்ந்திருக்கும். கோழி இன்னும் அங்கேதான் நிற்கிறது.