கோப்பு வழங்கி வட்டு அமைப்புகளின் வரலாறு

கோப்பு வழங்கியின் வேகம் வன்தட்டை மட்டும் பொறுத்ததன்று. தட்டில் தரவு எப்படி அடுக்கப்படுகிறது என்பதையும் பொறுத்தது. இந்த உண்மை 1980களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எண்களோடு நிறுவப்பட்டது.

பழைய யுனிக்ஸ் கோப்பு முறைமை 512 பைட்டுத் தொகுதிகளைக் கையாண்டது. வட்டின் திறனில் ஏறத்தாழ 2 விழுக்காடே அதற்குக் கிட்டியது. தொகுதியை 1024 ஆக்கியதும் வேகம் இரட்டித்தது. ஆனால் காலி இடங்கள் சிதறச் சிதற, வினாடிக்கு 175 கிலோபைட்டு வரை இருந்த வேகம் சில வாரங்களில் 30 ஆகச் சரிந்தது. மெக்குசிக், ஜாய், லெஃப்ளர், ஃபேப்ரி ஆகியோர் 1984இல் வெளியிட்ட கட்டுரை இதற்குத் தீர்வு சொன்னது. தொகுதியை 4096 பைட்டாக்கினால் சிறு கோப்புகளால் பாதி இடம் வீணாகும். எனவே தொகுதியைத் துண்டுகளாகப் பகிர்ந்தனர். வட்டில் 10 விழுக்காட்டைக் காலியாக வைக்கவும் செய்தனர். வட்டு நிரம்பும் முன்பே "இடமில்லை" என்று கணினி சொல்வதைக் கண்டு எரிச்சலடைவோர் இன்றும் உண்டு, காரணம் இதுதான்.

1988இல் அதே பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு என்னும் வட்டு அணியை முன்மொழிந்தனர். ஐபிஎம் 3380 போன்ற பெருவட்டுக்கு மாற்றாக மலிவான சிறுவட்டுகளைச் சேர்ப்பதே திட்டம். ஆனால் ஒரு வட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைத்தால், 100 வட்டுகளில் ஏதேனும் ஒன்று 300 மணி நேரத்தில், அதாவது இரண்டு வாரத்துக்குள், பழுதாகும். ஆகவே இழந்ததை மீட்கும் பாரிட்டித் தரவு கட்டாயமாயிற்று.

அதற்கு விலையும் உண்டு. ஐந்தாம் நிலை அணியில் ஒரு சிறு மாற்றத்துக்குப் பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும்: நான்கு வட்டுச் செயல்கள். முழுப் பட்டையையும் ஒரே வீச்சில் எழுதினால் முன்கூட்டிப் படிக்கும் தேவை இல்லை. கோப்பு முறைமைக்குப் பட்டையின் அகலத்தைத் தெரிவிக்கும் அமைப்புகள் இதற்காகவே வந்தன. டாஸ் காலப் பழக்கத்தால் 63ஆம் பிரிவில் தொடங்கிய பகிர்வுகள் இந்த முயற்சியைப் பல ஆண்டுகள் கெடுத்தன. தொகுதி எல்லையும் பட்டை எல்லையும் பொருந்தாததால், ஒரே எழுத்துப்பணி இரு வட்டுகளைத் தொட நேர்ந்தது. பின்னர் 1 மெகாபைட்டில் பகிர்வைத் தொடங்கும் வழக்கம் வந்த பிறகே இத்தொல்லை குறைந்தது.

வேகத்தைவிடப் பெரிய ஆபத்து, தரவு எழுதப்பட்டுப் பாரிட்டி எழுதப்படுமுன் மின்சாரம் போவது. அப்போது பிழை வெளியே தெரியாது. பின்னர் ஒரு வட்டு பழுதாகும்போது தவறான தரவே மீட்கப்படும். மின்கலம் பொருத்திய தற்காலிக நினைவகம் இதற்கு ஒரு காப்பு. 2005இல் ஓப்பன்சோலாரிசில் வெளிவந்த இசட்எஃப்எஸ், பட்டையின் அகலத்தை எழுதும் தரவுக்கேற்ப மாற்றியும், பழையதன்மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதியும் இந்த ஓட்டையை அடைத்தது.