நான்கு நொடியோடு முடிந்த வரைபடம்

2003 செப்டம்பர் 26, விடியற்காலை 4 மணி 50 நிமிடம். ஜப்பானின் வட தீவான ஹொக்கைடோவுக்குத் தென்கிழக்கே, கடலுக்கடியில் ஒரு பெரும் நிலநடுக்கம். அளவு 8-ஐத் தாண்டியது. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, அதே தீவின் தென்கரையில் தொமகோமாய் என்றொரு துறைமுக நகரம். அங்கே பதிவான உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 10 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அந்த அதிர்வுக்கு ஒழுங்காகக் கட்டிய வீடு கொஞ்சம் ஆடிவிட்டு நின்றுவிடும்.

ஆனால் நகரத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெய்த் தொட்டி ஒன்று அன்று காலையே தீப்பிடித்தது. பக்கத்தில் ஒரு நாப்தா தொட்டியின் மிதக்கும் கூரை மூழ்கியது. திறந்து கிடந்த நாப்தாவின் மேல் நுரையைப் போட்டு மூடிப் பார்த்தார்கள். 28ஆம் தேதி அதுவும் பற்றிக்கொண்டு ஏறக்குறைய இரண்டு நாள் எரிந்தது. மொத்தம் ஏழு பெரிய தொட்டிகளுக்குப் பலத்த சேதம்.

அந்தச் செய்தியைச் சென்னையில் என் மேஜையில் படித்தபோது எனக்குத் தொட்டி வடிவமைப்பில் பதினைந்து வருட அனுபவம். 'பத்து சதவீதம்கூட இல்லையா?' என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்து, 1996இல் நான் கையெழுத்துப் போட்ட ஒரு கணக்கு ஞாபகத்துக்கு வந்தது. வயிற்றில் ஏதோ புரண்டது.

அது சென்னைக்கு அருகே கடலோரக் கிடங்கு ஒன்றுக்கான எண்ணெய்த் தொட்டி. விட்டம் 30 மீட்டர், எண்ணெய் மட்டம் 14 மீட்டர். அப்போது கையில் இருந்தது ஐஎஸ் 1893-இன் 1984 பதிப்பு. சென்னை இரண்டாம் மண்டலம். அட்டவணையில் அதற்கு நேரே 0.02. மண்ணுக்கு ஒரு எண், முக்கியத்துவத்துக்கு ஒரு எண், பெருக்கினேன். காற்றின் விசையே பெரிதாக வந்தது. "காத்துதான் கவர்ன் பண்ணுது சார்" என்றேன். எங்கள் சீஃப் தலையை ஆட்டினார். நிலநடுக்கப் பக்கம் அத்தோடு முடிந்தது. எண்ணெய் மட்டத்துக்கும் சுவரின் விளிம்புக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் விட்டிருந்தோம். அது ஏன் 30 என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இடுப்பில் குடம் சுமந்தவர்களுக்கு இதன் பாதி விஷயம் தெரியும். நடையின் தாளமும் தண்ணீரின் தாளமும் ஒத்துப்போனால் சேலை நனையும். நடையைக் கொஞ்சம் மாற்றினால் தண்ணீர் அடங்கும். நிறைகுடம் தளும்பாது என்பது சரியே, ஏனென்றால் அதில் அசைய இடமில்லை. எண்ணெய்த் தொட்டி எப்போதுமே குறைகுடம். அதற்கென்று ஒரு தாளம் உண்டு. ஒரு வாளித் தண்ணீர் ஆடித் திரும்ப அரை நொடிக்குச் சற்று மேல் ஆகும். தொமகோமாயில் எரிந்த தொட்டிகளின் விட்டம் 40 மீட்டருக்கு மேல். அவ்வளவு அகலத்தில் ஒரு ஆட்டத்துக்கு 7 நொடி ஆகிறது.

தொலைதூர நிலநடுக்கம் நீரை ஆட்டும் என்பது பழைய செய்தி. 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரம் இடிந்தபோது ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரி ஏறி இறங்கியது. கரையில் நின்றவர்கள் காலடியில் நிலம் அசைந்ததை உணரவில்லை. அதைக் கணக்காக்க 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. 1934இல் ஸ்டான்ஃபோர்டில் ஹாஸ்கின்ஸும் ஜேக்கப்சனும் ஒரு நீர்த்தொட்டியைச் செயற்கையாகக் குலுக்கிச் சுவரின் மேல் விழும் அழுத்தத்தை அளந்தார்கள். 1957இல் கால்டெக்கின் ஜார்ஜ் ஹவுஸ்னர் அதை எளிமையாக்கினார். 1960 மே மாதச் சிலி நிலநடுக்கத்தில் உயர்நிலைத் தண்ணீர்த் தொட்டிகள் சேதமான பிறகு, 1963இல் அந்த முறையை வடிவமைப்பாளர் கைக்குப் பழகும்படி மறுபடி எழுதினார்.

அவர் சொன்னது இதுதான். தொட்டிக்குள் இருக்கும் திரவத்தை இரண்டாகப் பிரித்துப் பார். அடியில் இருப்பது சுவரோடு ஒட்டிக்கொண்டு அதோடு சேர்ந்து நடுங்கும். மேலே இருப்பது ஸ்பிரிங்கில் கட்டிய பாரம்போல மெதுவாக முன்னும் பின்னும் ஆடும். முதலாவதன் தாளம் நொடியில் ஒரு சிறு பங்கு. இரண்டாவதற்குப் பல நொடி.

இதை ஏற்றுக்கொண்டால் 'நிலம் எவ்வளவு பலமாக ஆடும்?' என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. உச்ச முடுக்கம் என்பது படபடவென்ற அதிர்வின் அளவு. மேலே ஆடும் பாதிக்கு அந்த எண்ணில் சேதி எதுவும் இல்லை. ஒவ்வொரு தாளத்துக்கும் நிலம் எவ்வளவு தள்ளும் என்று காட்டுகிற வரைபடம் வேண்டும். ஒரே தொட்டிக்கு அதை இரண்டு இடத்தில் படிக்க வேண்டும்.

ஹவுஸ்னரின் தாள் வெளிவந்த மறுவருடமே இரண்டு பாடங்கள் வந்தன. 1964 மார்ச் 27, அலாஸ்கா. பல தொட்டிகளின் சுவர் அடிப்பாகத்தில் யானைக்கால்போலப் பிதுங்கி நின்றது. சுவர் விறைப்பானது என்று ஹவுஸ்னர் வைத்துக்கொண்டது மெல்லிய எஃகுத் தகட்டுக்குப் பொருந்தவில்லை. தகடு தானும் அதிர்ந்து, வாங்கிய ஆட்டத்தைப் பெரிதாக்கும். எனவே அடிப்பாதிக்கும்கூட வெறும் உச்ச முடுக்கம் போதாது என்று ஆனது. வெலெட்ஸோஸ், ஹாரூன் போன்றவர்கள் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இதைச் சரிசெய்தார்கள்.

அதே 1964இல் ஜூன் 16, ஜப்பானின் நீகாடா. மணல் குழம்பாகி அடுக்குமாடி வீடுகள் அப்படியே சாய்ந்து படுத்த படங்கள் உலகம் முழுக்கப் போயின. அதே நகரத்தில் எண்ணெய் தளும்பி, தீப்பிடித்து, தொட்டிகள் இரண்டு வாரம் எரிந்தன. 1983இல் ஜப்பான் கடலில் மறுபடியும் ஒரு நிலநடுக்கம், மறுபடியும் தளும்பல். அதற்குப் பிறகு ஜப்பான் தீயணைப்பு விதியில் தளும்பலுக்கென்றே ஒரு எண் சேர்ந்தது. மெதுவான ஆட்டத்துக்கு நிலம் தரும் வேகம் நொடிக்கு 100 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நாடு முழுவதற்கும் அதே 100.

அதாவது தொமகோமாய்க்காரர்கள் கேள்வியே கேட்காதவர்கள் இல்லை. எனக்கு முன்பே கேட்டார்கள், ஒரு எண்ணையும் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த நகரம் யூஃபுட்சு சமவெளியில் இருக்கிறது. அடியில் பல கிலோமீட்டர் ஆழத்துக்கு வண்டல் படிவு. பாத்திரத்தில் ஊற்றிய கூழ்போல அது மெதுவான அலைகளை மட்டும் பிடித்து வைத்துப் பெருக்கும். அன்று 7 நொடித் தாளத்தை ஒட்டிய வேகம் 100-ஐத் தாண்டி இருமடங்கு அளவுக்குப் போனது. எண்ணெயில் உராய்வும் குறைவு. தளும்பலுக்கு அரை சதவீதத் தணிப்புதான் விதிகளில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் அலை பாதியாக 22 ஆட்டம் வேண்டும். 7 நொடித் தொட்டிக்கு அது இரண்டரை நிமிடம். தரை அடங்கிய பிறகும் கூரை உள்ளே மோதிக்கொண்டே இருக்கும்.

2005இல் ஜப்பான் அந்த ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, இடத்துக்கு இடம் மாறும் எண்களைக் கொண்டுவந்தது. சில இடங்களில் பழையதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. அமெரிக்காவிலும் அதே ஆண்டு ஏஎஸ்சிஇ 7 விதியில் புதிதாக ஒரு வரைபடம் சேர்ந்தது. எத்தனை நொடிக்கு மேல் மெதுவான ஆட்டத்தின் பலம் வேகமாகத் தேயும் என்பதை ஊர்வாரியாக அது சொல்கிறது. 4 நொடியிலிருந்து 16 நொடி வரை போகிறது. சாதாரண வீடு கட்டுகிறவர் அந்தப் பக்கத்தைப் புரட்டவே வேண்டாம். பெரிய தொட்டி கட்டுகிறவர் தாண்டிப் போகக் கூடாது.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில் உயர்நிலைத் தண்ணீர்த் தொட்டிகள் பல சேதமாயின. பெரும்பாலும் உருளைத் தண்டின் அடியில் வளைய விரிசல். அதன் பிறகு ஐஐடி கான்பூர் பேராசிரியர்கள் குஜராத் அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்புக்காகத் தொட்டிகளுக்கென்றே வழிகாட்டி எழுதினார்கள். 2014இல்தான் ஐஎஸ் 1893-இன் இரண்டாம் பகுதி திரவத் தொட்டிகளுக்காகத் தனியாக வந்தது. 2003இல் அதெல்லாம் என் கையில் இல்லை. 2002 பதிப்பின் முதல் பகுதி மட்டும் இருந்தது. அதில் சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என் பழைய தொட்டிக்குக் கணக்குப் போட்டேன். 30 மீட்டர் விட்டம், 14 மீட்டர் எண்ணெய். தளும்பும் தாளம் 6 நொடிக்கு ஒரு முடி குறைவு. வரைபடத்தைத் திறந்தேன். கோடு 4 நொடியோடு முடிந்திருந்தது. அதற்குமேல் வெள்ளைத் தாள்.

கோட்டை அதே வளைவில் நீட்டினேன். அமெரிக்க வழக்கப்படி குறைந்த தணிப்புக்காக ஒன்றரையால் பெருக்கினேன். அலை உயரம் முக்கால் மீட்டர் வந்தது. நாங்கள் விட்டிருந்த இடைவெளி 30 சென்டிமீட்டர்.

ஓய்வு பெற்றுவிட்ட சீஃபைப் பார்க்கப் போனேன். தாளை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் படித்தார். "அப்ப நமக்குத் தெரிஞ்ச அட்டவணை அதுதான்பா. அதுல தப்பு இல்ல" என்றார். பிறகு, "இப்ப தெரிஞ்சுடுச்சு இல்ல? எழுதிக் கொடுக்காம இருந்தா அதுதான் தப்பு."

"கோட்டை நானே நீட்டினது சார். புத்தகத்துல இல்ல."

"அதையும் சேர்த்து எழுது."

எழுதினேன். நிரப்பும் மட்டத்தை அரை மீட்டர் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். எந்த எண் புத்தகத்தில் இருந்து வந்தது, எது என் ஊகம் என்று தனித்தனியாகக் குறித்திருந்தேன். அரை மீட்டர் என்றால் அந்தத் தொட்டியில் 350 கன மீட்டர் எண்ணெய். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அது அவர்களுக்கு நஷ்டம். இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு கூட்டம் வைத்தார்கள். "காத்துதான் கவர்ன் பண்ணுதுன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?" என்று என் பழைய கணக்கையே எடுத்து நீட்டினார்கள். ஆமாம், நான்தான் எழுதினேன் என்றேன்.

உச்சமட்ட அலாரத்தைக் கால் மீட்டர் இறக்கினார்கள். இடைவெளி 55 சென்டிமீட்டர் ஆயிற்று. என் கணக்குக்கு இன்னும் 20 குறைகிறது.

அந்தத் தொட்டி இன்றும் நிற்கிறது. அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் விளிம்பைத்தான் பார்க்கிறேன். வெளியிலிருந்து எண்ணெய் மட்டம் தெரியாது.