‘ஒத்திவைப்பு’, ‘பட்டியல்’, ‘பதிவு’... செய்தியில் வரும் இந்தச் சொற்களுக்கு உண்மையான அர்த்தம் என்ன?

டிவியைப் போட்டால் தினமும் காதில் விழும் மூன்று சொற்கள் ஒத்திவைப்பு, பட்டியலிடல், பதிவு. கேட்க எளிமைதான். ஆனால் கோர்ட், போலீஸ் ஸ்டேஷன் என்று போகும்போது, அர்த்தத்தை மாற்றிப் புரிந்துகொண்டால் நஷ்டம் நமக்குத்தான். எந்தச் சொல் எதைக் குறிக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

விசாரணை ஒத்திவைப்பு - தீர்ப்பு ஒத்திவைப்பு: என்ன வித்தியாசம்?

‘விசாரணை ஒத்திவைப்பு’ என்றால் வாதம் இன்னும் முடியவில்லை, வேறொரு தேதியில் தொடரும் என்று அர்த்தம். அந்தத் தேதி வரை மட்டும் இடைக்கால தடை வாங்கியிருந்தால், அது நீட்டிக்கப்பட்டதா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

‘தேதி குறிப்பிடாமல் தீர்ப்பு ஒத்திவைப்பு’ என்றால் கதையே வேறு. இரு தரப்பு வாதமும் முடிந்துவிட்டது, இனி தீர்ப்பு மட்டும்தான் பாக்கி. நீதிபதி முடிவெடுக்காமல் தட்டிக்கழிக்கிறார் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

தள்ளிப்போச்சா, தள்ளுபடியா?

‘கேஸ் தள்ளிப்போச்சு’ என்றால் வழக்கு உயிரோடு இருக்கிறது. ‘மனு தள்ளுபடி’ என்றால் அந்த கோர்ட்டில் மனு முடிந்துவிட்டது. அடுத்து மேல்முறையீடு போன்ற வழிகளைத்தான் பார்க்க வேண்டும், அதற்குக் காலக்கெடுவும் உண்டு. அதேநேரம், ‘கடன் தள்ளுபடி’யில் இதே சொல் நல்ல செய்தியாகிவிடுகிறது!

பட்டியலிட்டால் விசாரணை உறுதியா?

‘வழக்கு நாளை பட்டியலிடப்பட்டுள்ளது’ என்றால், நாளைய விசாரணைப் பட்டியலில் அந்த வழக்குக்கு ஒரு வரிசை எண் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். முந்தைய வழக்குகள் நீண்டால், அன்று விசாரணைக்கு வராமலே போகலாம். 16 இலக்க சி.என்.ஆர் எண் இருந்தால், இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதியை நாமே பார்த்துக்கொள்ளலாம்.

புகார் கொடுத்தாலே வழக்குப்பதிவா?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். தமிழ்நாட்டில் புகார் கொடுத்ததும் பெரும்பாலும் கைக்கு வருவது சி.எஸ்.ஆர் எனப்படும் மனு ரசீது. புகார் வாங்கிக்கொண்டதற்கு அது சான்று, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர் போட்டால்தான் அது ‘வழக்குப்பதிவு’. பைக் திருடுபோனால் இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்பதும் எஃப்.ஐ.ஆரைத்தான்.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, எஃப்.ஐ.ஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். போலீசார் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தும் பதிவு செய்ய மறுத்தால், புகாரை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம்.

‘வாக்குமூலம் பதிவு’ என்பது ஒருவர் சொன்னதை எழுதிக்கொள்வது மட்டுமே. அதனால் அவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். விசாரணையின்போது சாட்சி சொல்வதை போலீசார் எழுதிக்கொண்டால், அதில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

பத்திரப்பதிவு முடிந்தால் பட்டா வந்துவிடுமா?

இரண்டும் வேறு வேறு. சொத்து கைமாறியதைப் பதிவு செய்வது சார்பதிவாளர் அலுவலகம். பத்திரத்தில் கையெழுத்திட்ட 4 மாதங்களுக்குள் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டா வருவாய்த்துறையின் ஆவணம். எனவே பத்திரம் கைக்கு வந்த பிறகு, பட்டாவும் உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்று தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்?

‘ஒத்திவெச்சாச்சு’ என்று சொன்னால், விசாரணையா தீர்ப்பா, அடுத்த தேதி என்ன என்று கேளுங்கள். ‘பதிவு பண்ணியாச்சு’ என்றால், அது சி.எஸ்.ஆரா எஃப்.ஐ.ஆரா என்று கேட்டு, எண்ணையும் நகலையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.