கருவி பொருத்திய சிறார் இதயத்தின் எம்.ஆர்.ஐ. படம்

பேஸ்மேக்கரோ, ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் நிறுத்தும் டிஃபிபிரிலேட்டரோ பொருத்தப்பெற்ற குழந்தைகளின் இதயத்தை எம்.ஆர்.ஐ. யந்திரத்தால் படமெடுக்குங்கால், கருவியின் உலோகம் காந்தப்புலத்தைக் குலைப்பதால் நேரும் தோஷங்களை நீக்கும் முறைகள் இங்கு விஷயமாகும். இவற்றுள் டிஃபிபிரிலேட்டரே பெருந்தொல்லை தருவது. அதன் பெட்டிக்கு அருகே புரோட்டான்களின் அதிர்வெண் 2 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் வரை விலகிவிட, காடோலினியம் என்னும் மருந்தைச் செலுத்தித் தழும்பு தேடும் படத்தில், புரோட்டான்களின் காந்தத்தைத் தலைகீழாக்கும் வழக்கமான ரேடியோ அலைத்துடிப்பு சுமார் 1 கிலோஹெர்ட்ஸ் அகலமே உடையதாகையால், நல்ல தசையும் கறுக்காமல் வெண்மையாகப் பிரகாசித்து, இல்லாத தழும்பை இருப்பதாகக் காட்டும். படம் இருண்டுபோவதைவிட இப்பொய்யொளியே வைத்தியரை அதிகம் ஏமாற்றுவது. அத்துடிப்பை 3.8 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு அகலப்படுத்தி இம்மாயையைப் பெரும்பாலும் போக்கும் உபாயத்தை, லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2014-இல் வெளியிட்டனர். இதயத்தின் அசைவைக் காட்டும் படங்களில் விழும் கரும்பட்டைகளுக்கோ கிரேடியன்ட் எக்கோ முறையும், 3 டெஸ்லாவினும் 1.5 டெஸ்லா யந்திரமும் உசிதம்.

சிறு குழந்தைகளுக்குப் பெட்டியை மார்பில் வையாது வயிற்றில் வைப்பது வழக்கமாதலின் இதயம் ஓரளவு தப்பும். எனினும் சரீரம் சிறியதாகையால் தூரம் சொற்பமே, மூச்சை அடக்கச் சொன்னால் கேட்கும் வயதுமன்று. கருவியிலிருந்து சென்று இதயத்தின் மேற்பரப்பில் தைக்கப்பட்ட கம்பிகள் சூடேறக்கூடும் என்ற அச்சத்தால், இப்பரிசோதனையே இவர்களுக்கு வெகுகாலம் மறுக்கப்பட்டு வந்தது.