இனத்தோற்றமும் இயங்கியலும்: கார்பெச்சென்கோவின் பரிசோதனை பற்றி

சிறு வேறுபாடுகள் நெடுங்காலத்திற் திரண்டு புதிய இனங்களாகின்றன என்பது 1859இல் டார்வின் முன்வைத்த கருத்து. மார்க்சியர் இதனை வரவேற்றனர். எனினும், அளவு மாற்றம் ஒரு கட்டத்திற் பண்பு மாற்றமாகப் பாயும் என்ற இயங்கியல் விதி உயிருலகிலும் செயற்படுகின்றதா என்னும் வினா அவர்கள்முன் இருந்தது. ஏங்கெல்சின் 'இயற்கையின் இயங்கியல்' 1925இல் மொஸ்கோவில் வெளியானபோது அவ்வினா மேலும் கூர்மையடைந்தது.

விடை சோவியத் நாட்டிலேயே கிடைத்தது. வவிலோவின் தலைமையில் இயங்கிய நிறுவனத்தைச் சேர்ந்த கார்பெச்சென்கோ, 1920களில் முள்ளங்கியையும் கோவாவையும் கலந்தார். இரண்டும் 18 நிறமூர்த்தங்கள் கொண்டவை. ஒவ்வொன்றிலுமிருந்து 9 பெற்ற கலப்புச்செடி பெரும்பாலும் மலடாகவே இருந்தது. ஒன்றன் நிறமூர்த்தங்கள் மற்றையதனவற்றோடு சோடி சேராமையே காரணம். ஆயினும், நிறமூர்த்த எண்ணிக்கை குறைவுபடாத சில புணரிகள் இணைந்து, 36 நிறமூர்த்தங்கள் கொண்ட வழித்தோன்றல்களைத் தந்தன. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் சோடி இருந்தது. அவை தம்முள் இனம்பெருக்கின. பெற்றோரினங்களோடு எளிதிற் கலக்கவில்லை. எண்ணிக்கையின் இரட்டிப்பே புதிய இனத்தைப் பிறப்பித்தது. விலங்குகளிடையே நிலவியற் பிரிவினாற் படிப்படியாக இனங்கள் தோன்றுவதே பெருவழக்கு. தாவரங்களிலோ இப்பாய்ச்சல் அரிதன்று. 42 நிறமூர்த்தங்கள் கொண்ட பாண் கோதுமையும், 28 கொண்ட கோதுமையும் 14 கொண்ட காட்டுப்புல்லும் கலந்து, உழவுத்தொழில் தோன்றிய பின்னர் இவ்வாறே பிறந்தது.

இயங்கியலுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆனால் நிகழ்ந்ததென்ன? 1940இற் கைதான வவிலோவ் 1943இற் சரத்தோவ் சிறையில் மாண்டார். கார்பெச்சென்கோ 1941இற் சுட்டுக்கொல்லப்பட்டார். 1948 ஓகஸ்டில், கட்சியின் மத்திய குழு தமது அறிக்கையை அங்கீகரித்துவிட்டதென லைசென்கோ அறிவித்தார்; பிறப்புரிமையியல் முதலாளித்துவப் போலி விஞ்ஞானமென ஒதுக்கப்பட்டது. 1950இல் அவர், கோதுமை புறச்சூழலால் றை தானியமாகப் பாய்ந்து மாறுகின்றதென எழுதினார். விதைக் கலப்பினாலும் இயல்பான கலப்புப் பிறப்பினாலும் விளக்கத்தக்க நிகழ்வுகளையே அவர் இயங்கியலின் வெற்றியாகக் காட்டினார். 1965 வரை அவர் பிறப்புரிமையியல் நிறுவனத்தின் பணிப்பாளராக நீடித்தார்.

இதனைத் தனிமனிதர் ஒருவரின் பேராசையாக மட்டும் நோக்குவது மார்க்சிய நோக்காகாது. கூட்டுப்பண்ணையாக்கத்தை அடுத்த உணவு நெருக்கடியும், விரைந்த விளைச்சலை வேண்டிநின்ற அரசியற் தேவையும், விமரிசனத்துக்கு இடமளியாத அதிகார அமைப்புமே லைசென்கோவை உயர்த்தின. அவ்வாறு விளக்குவதனாலேயே எமது பொறுப்புக் குறைந்துவிடாது. அவரைப் பல நாடுகளின் முற்போக்காளர் பலர் ஆதரித்தனர் என்பதை நாம் மறைத்தலாகாது.

பாய்ச்சலை ஆய்வுகூடத்திற் கண்டறிந்தவர் கொலையுண்டார். பாய்ச்சலைச் சொல்லளவிற் போற்றியவர் பதவி பெற்றார். இயங்கியல் ஓர் ஆய்வுமுறை; ஆய்வுக்கு முன்பே முடிவை வழங்கும் ஆணையன்று. சமூகத்தையும் இலக்கியத்தையும் அம்முறையால் ஆராய முற்படும் நாம், கார்பெச்சென்கோவின் 36 நிறமூர்த்தங்களை மறக்கலாகாது.