உயிர் கொடுத்தவரும் செவி கொடுக்காதவரும்

1956ஆம் ஆண்டு அக்டோபர் 13. மதுரை அரசு மருத்துவமனையில் ஒரு முதியவரின் உயிர் பிரிந்தது. 76 நாள் உண்ணாநோன்பு இருந்தவர். பெயர் சங்கரலிங்கனார். விருதுநகர்க்காரர், காந்தியவாதி, பழைய காங்கிரஸ் தொண்டர். அவர் பட்டினி கிடந்தபோது ஆட்சியில் இருந்ததும் காங்கிரஸ்தான், முதலமைச்சர் காமராஜர்.

சங்கரலிங்கனார் வைத்த கோரிக்கைகள் 12. நாடு முழுவதும் மதுவிலக்கு, அரசு ஊழியருக்குக் கதர், ஆட்சியாளருக்கு ஆடம்பரமில்லாத வாழ்வு என்று அந்தப் பட்டியல் நீளும். இன்று ஊருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: சென்னை மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்க வேண்டும் என்பது. மற்ற பதினொன்றை யாரும் பேசுவதில்லை.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து இந்தக் கதையைத் தொடங்கிப் பாருங்கள். "அவர் செத்ததால்தானே பெயர் கிடைத்தது?" என்று ஒருவர் கேட்பார். "செத்து என்ன பயன், பார்த்து அனுபவிக்க அவர் இருந்தாரா?" என்பார் அடுத்தவர். கடை மூடும் வரைக்கும் முடியாத பட்டிமன்றம் இது. வரலாறு என்ன சொல்கிறது?

சங்கரலிங்கனாருக்கு நான்கு ஆண்டு முன்னால், அதே சென்னை மாநிலத்தில் இன்னொரு காந்தியவாதி இதே வழியில் போனார். பொட்டி ஸ்ரீராமுலு. தெலுங்கருக்குத் தனி மாநிலம் வேண்டும், சென்னை நகரமும் அதில் சேர வேண்டும் என்று 1952 அக்டோபர் 19 அன்று சென்னையில் உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15 இரவு இறந்தார். ஆந்திரப் பகுதிகள் கொந்தளித்தன. கலவரம், துப்பாக்கிச் சூடு, மேலும் சில உயிர்கள். நான்கே நாளில், டிசம்பர் 19 அன்று, ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என்று பிரதமர் நேரு அறிவித்தார். 1953 அக்டோபர் 1 அன்று அது பிறந்தும் விட்டது.

ஒருவருக்கு நான்கு நாள். மற்றவருக்கு? அவர் இறந்த மூன்றாம் வாரத்தில், நவம்பர் 1 அன்று, மொழிவாரியாக எல்லைகள் திருத்தி வரையப்பட்டன. பெயர் மட்டும் பழைய பெயராகவே இருந்தது. 1963இல் மாநிலங்களவையில் பூபேஷ் குப்தா கொண்டு வந்த பெயர் மாற்ற மசோதா, அண்ணா ஆதரித்துப் பேசியும் தோற்றது. 1967இல் திராவிட முன்னேற்றக் கழகம் தேர்தலில் வென்று, ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி, 1969 ஜனவரி 14 அன்றுதான் 'தமிழ்நாடு' நடப்புக்கு வந்தது. அதற்கு 20 நாள் கழித்து அண்ணாவும் மறைந்தார்.

இருவருடைய தியாகத்திலும் ஏற்றத்தாழ்வு இல்லை. சூழ்நிலையில்தான் வேறுபாடு. ஆந்திரக் கோரிக்கைக்குப் பின்னால் 40 ஆண்டு இயக்கம் இருந்தது. 1952 தேர்தலில் தெலுங்கு மாவட்டங்களில் காங்கிரஸ் பலத்த அடி வாங்கியிருந்தது. டில்லி அஞ்சியது ஸ்ரீராமுலுவின் பிணத்துக்கு அல்ல, அதற்குப் பின்னால் திரண்டு நின்ற கூட்டத்துக்கு. விருதுநகரில் அப்படியொரு கூட்டம் 1956இல் இல்லை. அந்த ஸ்ரீராமுலுவுக்கும் கேட்டது முழுதாகக் கிடைத்ததா என்றால், இல்லை. கர்னூல் தலைநகராயிற்று, சென்னை தமிழர்களிடமே இருந்தது. பேரம் நடந்தபோது, "நான் கேட்டது இது அல்லவே" என்று சொல்ல அவர் உயிரோடு இல்லை.

உயிரைக் கொடுப்பவர் அந்தச் சாவுக்குப் பொருள் சொல்லும் உரிமையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். எந்தக் கோரிக்கையை எடுப்பது, எதை விடுவது என்பதை மிச்சமிருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

மொழிப்போரைப் பாருங்கள். 1963 ஜூன் 11 அன்று சைகோன் நகர வீதியில் திக் குவாங் டக் என்ற புத்த பிக்கு தீக்குளித்த படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. ஏழு மாதம் கழித்து, 1964 ஜனவரி 25 அன்று, திருச்சி ரயில் நிலையம் எதிரே கீழப்பழுவூர் சின்னசாமி இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்தார். இளம் மனைவி, கைக்குழந்தைப் பருவம் தாண்டாத ஒரு மகள். டில்லி அசைந்ததா? ஓராண்டு முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. 1965 ஜனவரியில் மாணவர்கள் வீதிக்கு வந்த பிறகுதான் நாடு அதிர்ந்தது. சிவலிங்கம், அரங்கநாதன் என்று மேலும் இளைஞர்கள் அந்த நாள்களில் தீக்குளித்தார்கள். துப்பாக்கிச் சூடுகளில் இறந்தவர்கள் அரசு கணக்குப்படியே சுமார் 70 பேர். மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் பதவி விலக முன்வந்தார்கள். பிப்ரவரி 11 அன்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி கொடுத்தார்.

சின்னசாமியின் சாவு வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. மாணவர்களின் நெஞ்சில் அந்தப் பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரை மேடைதோறும் முழங்கி வாக்கு வாங்கிய தலைவர்களில் எத்தனை பேர், "இனி ஒருவரும் இப்படிச் செய்யாதீர்கள்" என்று அதே குரலில் முழங்கினார்கள்? இதுதான் உறுத்துகிறது. சிலை வைக்கலாம், தெருவுக்குப் பெயர் வைக்கலாம். அந்தப் பெண் குழந்தைக்குத் தகப்பனைத் திருப்பித் தர முடியாது.

பழந்தமிழரின் வடக்கிருத்தலை இதற்கு முன்மாதிரியாகச் சொல்வதுண்டு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது மானத்துக்காக. எந்த அரசாங்கத்திடமும் அவன் மனுக் கொடுக்கவில்லை. கோரிக்கையோடு கூடிய பட்டினி காந்தியார் காலத்துக் கருவி. அதற்கு அவர் விதியும் வைத்தார்: அன்புள்ளவரிடம்தான் உண்ணாவிரதம் எடுபடும், கொடுங்கோலனிடம் எடுபடாது. 1939இல் ராஜ்கோட்டில் தம் உண்ணாவிரதத்தில் வற்புறுத்தல் கலந்துவிட்டது என்று அவரே உணர்ந்து, சாதகமாக வந்த தீர்ப்பின் பலனைத் துறந்தார்.

ஈழத்தில் நடந்தது அந்த விதிக்கு வேதனையான சான்று. 1987 செப்டம்பரில் நல்லூரில் திலீபன் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல் 12ஆம் நாள் இறந்தார். அவர் முறையிட்டது இந்தியாவிடம். இரண்டு வாரத்தில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போரே மூண்டது. 1988இல் மட்டக்களப்பில் அன்னை பூபதி போர் நிறுத்தம் கேட்டு ஒரு மாதம் பட்டினி கிடந்து இறந்தார், போர் நிற்கவில்லை. 2009 ஜனவரி 29 அன்று சென்னை சாஸ்திரி பவன் முன் தீக்குளித்த முத்துக்குமார், தம் உடலைப் போராட்டத்துக்கு ஆயுதமாக்கும்படி மாணவர்களுக்கு எழுதி வைத்திருந்தார். உடல் இரண்டே நாளில் எரியூட்டப்பட்டது. கல்லூரிகள் இழுத்து மூடப்பட்டன. அவரைத் தொடர்ந்து தமிழகத்தில் பலரும், ஜெனிவாவில் ஐ.நா. அலுவலகம் முன் முருகதாசனும் உயிர்விட்டார்கள். மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் பேரணி. டிசம்பர் 13 அன்று ஐவர் இசா சட்டத்தில் கமுந்திங் முகாமுக்குப் போனார்கள். அவர்கள் கொடுத்தது உயிரை அல்ல, சுதந்திரத்தை. 2008 மார்ச் 8 அன்று மக்கள் வாக்குப் பெட்டியில் பதில் சொன்னார்கள். பினாங்கில் ஆட்சியே மாறி, முதன்முறையாக ஒரு தமிழர், பேராசிரியர் ப.இராமசாமி, இரண்டாவது துணை முதலமைச்சரானார்.

2013 மார்ச் மாதம் ஹிண்ட்ராஃப் தலைவர் பொ.வேதமூர்த்தி 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஏப்ரல் 18 அன்று தேசிய முன்னணியோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தேர்தலுக்குப் பின் துணையமைச்சர் பதவியும் வந்தது. அதை அப்போதே பலர் கடுமையாகக் குறை கூறினார்கள். வாக்குறுதிகள் நிறைவேறவில்லை என்று 2014 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். 2018இல் வேறோர் அரசாங்கத்தில் தேசிய ஒற்றுமைத் துறை அமைச்சராக வந்து அமர்ந்தபோது, 2013இல் கேட்டதெல்லாம் என்னவாயிற்று என்று மக்கள் அவரிடமே நேரில் கேட்க முடிந்தது.