திரையிசையும் சுவைஞர் குழாங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டியைப் பற்றிக் கேள்விப்படாத தமிழ்ச் சுவைஞர் அரியர். ஒரு கவியை எடுத்து, அது நெஞ்சில் என்ன செய்தது என்பதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர்களின் கூட்டம் அது. இத்தகைய கூட்டங்கள் கவிதைக்கே உரியன என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், திரைப்படத்தின் பின்னணி இசைக்கென்றே சிறு சிறு வட்டங்கள் தோன்றின. அவற்றின் உறுப்பினர் பெரும்பாலும் இசைவாணர் அல்லர். எழுத்தர், ஆசிரியர், மாணவர் எனப் பல தொழிலினர். கேட்டதைக் கடிதத்தில் எழுதிப் பகிர்ந்துகொண்டதே அவர்கள் செய்த முதற்பணி. அப்பணி எவ்வளவு தூரம் சென்றது என்பதே இங்குக் காணத்தக்கது.

திரையிசை என்றதும் நமக்குப் பாடலே நினைவுக்கு வரும். ஹாலிவுட்டில் நிலை வேறு. அங்கே திரையிசை என்பது பெரிதும் உரையாடலுக்கு அடியிலும், உரையாடல் ஓய்ந்த இடத்திலும் ஓடும் வாத்திய இசையே. பேசும்படம் வந்த புதிதில், கதைக்குள் வாத்தியம் கண்ணுக்குத் தெரியாதபோது இசை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போர் மயங்குவர் எனத் தயாரிப்பாளர் அஞ்சினர். அவ்வச்சத்தைப் பெரிதும் போக்கியது 1933ஆம் ஆண்டின் ‘கிங் காங்’. வியன்னாவில் பிறந்த மாக்ஸ் ஸ்டெய்னர் அப்படத்துக்கு இசை எழுதினார். இறங்குமுகமான மூன்றே சுரங்கள்; அவையே அந்தப் பெருங்குரங்கின் அடையாளம். முதலில் அச்சுறுத்தும் அந்த மூன்று சுரங்கள், படம் முடியும்போது இரக்கத்துக்குரியனவாக மாறிவிடுகின்றன. பொம்மையாக அசைந்த ஒரு விலங்குக்காகப் பார்ப்போர் கண்கலங்கியதற்கு அந்த மாற்றமும் ஒரு காரணம்.

ஸ்டெய்னரைப் போலவே மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்தவர் பலர். புரூன் நகரில் பிறந்த எரிக் வுல்ஃப்காங் கார்ன்கோல்ட், புடாபெஸ்டில் பிறந்த மிக்லோஷ் ரோஷா ஆகியோர் அவருள் தலையாயவர். எழுதியது அவர்களே ஆயினும், இசைக்குறிப்புகள் படநிறுவனத்தின் உடைமை. மேசை நாற்காலிக்கு உள்ள உரிமையே அவற்றுக்கும். படம் திரையரங்கை விட்டு நீங்கியதும் குறிப்பேடுகள் கிடங்குக்குச் சென்றுவிடும். அறிஞர் உலகமும் இவ்விசையை மதிக்கவில்லை. இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி போன்ற மேதையே 1946இல் அதைச் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளுக்கு ஒப்பிட்டார்.

இசைத்தட்டும் எளிதில் கிட்டவில்லை. இங்கே ஒரு செய்தி நமக்கு அண்மையது. மைசூர்ச் சீமையில் கராபூரில் பிறந்து, யானைப்பாகன் குடியிலிருந்து திரைக்குச் சென்ற சாபு நடித்த ‘ஜங்கிள் புக்’ 1942இல் வெளிவந்தது. அதற்கு இசை ரோஷா. அவ்விசையைச் சாபுவின் கதைசொல்லும் குரலோடு சேர்த்து ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. அமெரிக்கப் படமொன்றின் பின்னணி இசை தனித் தொகுப்பாக விற்பனைக்கு வந்தது அதுவே முதன்முறை என்பர். ஆனால் அவ்வழியில் உடனே பலர் செல்லவில்லை. ஒரு படத்தின் இசையை மீண்டும் கேட்க வேண்டுமெனில் மீண்டும் சீட்டு வாங்கித் திரையரங்கில் அமர்வதைத் தவிர வேறு வழியில்லை.

கார்ன்கோல்டின் முடிவு துயரமானது. சிறுவயதிலேயே வியன்னாவை வியக்கவைத்தவர். ‘ராபின் ஹூட்’ படத்துக்காக ஆஸ்கார் பரிசும் கண்டவர். போருக்குப் பின் திரையை விட்டு விலகி மேடையிசைக்குத் திரும்பியபோது, ஹாலிவுட் இசைஞர் என்ற முத்திரை அவரை விடவில்லை. அவருடைய பெயரை வைத்தே சிலேடை செய்து எள்ளிய விமர்சகரும் உண்டு. 1957 நவம்பரில் அவர் மறைந்தபோது, அவர்தம் திரையிசையை எடுத்து வாசிக்க எந்தப் பெரிய இசைக்குழுவும் முன்வரவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் மாற்றமும் தொடங்கியது. அதற்கு வாயிலாக அமைந்தது தொலைக்காட்சி. 1950களின் நடுவில் படநிறுவனங்கள் தம் பழைய படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்றன. இருபது ஆண்டுக்கு முன் வந்த படங்கள் நள்ளிரவில் வீட்டுக்கூடத்துக்கே வந்தன. இல்லங்களில் ஒலிநாடாப் பதிவுக் கருவியும் புகத் தொடங்கியிருந்த காலம். சுவைஞர் ஒலிவாங்கியைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் வைத்துவிட்டு, வீட்டார் இருமாமலும் கதவைச் சாத்தாமலும் இருக்க வேண்டுமே என்று காத்திருந்தனர். பதிவானது இசை மட்டுமன்று. வாள்கள் மோதும் ஒலி, குதிரைக் குளம்பொலி, நாயகனின் வீரவசனம், நடுவே சவர்க்கார விளம்பரம். அவற்றின் ஊடே இசையைப் பிரித்துக் கேட்கச் செவி பழக வேண்டும். அச்செவிப் பழக்கமே பிற்காலத்தில் பெரிதும் பயன்பட்டது.

கேட்டதை எழுதுவதிலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. குறிப்பேடு கையில் இல்லை. பலருக்கு அதைப் படிக்கவும் தெரியாது. ஆகவே உவமையே துணை. இன்ன காட்சியில், கதவு திறந்ததும், தாழ்ந்த தந்திக்கருவிகள் இருள் பரவுவதுபோல் எழுகின்றன என்று ஒருவர் எழுதுவார். அது தந்தியன்று, தாழ்குரல் குழல் என்று மற்றவர் மறுப்பார். இருவரும் அடுத்த ஒளிபரப்புக்காக மாதக்கணக்கில் காத்திருப்பர். இவ்வெழுத்தில் மிகைப்புகழ்ச்சி உண்டு. பிடித்த இசைஞருக்காகப் பிறரைத் தாழ்த்தும் கட்சிச் சண்டையும் உண்டு. எனினும் ஓசையைச் சொல்லாக்கும் அம்முயற்சியில் கவிஞர் கற்கத்தக்கது சிறிதேனும் இருந்தது. இசைக்கல்லூரிகள் ஏறெடுத்தும் பாராத காலத்தில் இன்ன படத்தில் இன்ன இடத்தில் இன்ன இசை வருகிறது என்று எழுதி வைத்தவர்கள் இவர்களே.

1965இல் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்பர்ட் பெண்டர் என்பவர் மாக்ஸ் ஸ்டெய்னர் இசைக் கழகத்தை நிறுவினார். இவர் 1952இல் இதே ஊரில் பறக்கும் தட்டுகளை ஆராய ஒரு கழகம் தொடங்கி, அடுத்த ஆண்டே அதை மூடியவர். கறுப்புடை மனிதர் மூவர் வந்து தம்மை எச்சரித்ததாக நூலும் எழுதியவர். வானத்தை விட்டு அவர் இசைக்கு வந்ததில் நட்டம் ஒன்றுமில்லை. ஸ்டெய்னர் 1971 டிசம்பர் வரை வாழ்ந்தார். தம் பெயரால் ஒரு கழகம் இயங்குவதைக் கண்ணாரக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது. கார்ன்கோல்டுக்கு அது வாய்க்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் ரோஷாவுக்கும் ஒரு கழகம் அமைந்தது. ‘ப்ரோ மூசிகா சானா’ என்ற இலத்தீன் பெயரில் அது நடத்திய இதழ், நம் சிற்றிதழ்களைப் போலவே, சிலரின் உழைப்பில் நடந்தது. எழுதியவரே பெரும்பாலும் வாசகரும் ஆவர்.

இவ்வட்டங்கள் இங்ஙனம் எழுதிக்கொண்டிருந்த வேளையில்தான் பேரிழப்பு நிகழ்ந்தது. 1969இல் எம்.ஜி.எம். நிறுவனம் கைமாறியது. புதிய நிருவாகம் செலவைக் குறைக்கவும் இடத்தைக் காலிசெய்யவும் முனைந்தது. 1970இல் ஆடைகளும் அரங்கப் பொருள்களும் ஏலம் போயின. ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தின் செந்நிறக் காலணி 15,000 டாலருக்கு விற்றது. காலணிக்கு விலை இருந்தது, இசைக்குறிப்புகளுக்கு இல்லை. பல்லாண்டுக் காலம் சேர்ந்திருந்த முழுக் குறிப்பேடுகளும், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே எழுதப்பட்ட ஏடுகளும் குப்பையோடு குப்பையாகப் பள்ளம் நிரப்பச் சென்றன. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட சுவடிகளைப் பற்றிப் படித்தவர்க்கு இது புதிதன்று. எஞ்சியவை, இசை நடத்துநர் கைக்குறிப்பாகப் பயன்படுத்திய சில வரிச் சுருக்க ஏடுகளும், ஒலிச்சுருள்களும் மட்டுமே.

ஈராண்டு கழியவில்லை, வேறு திசையில் காற்று வீசியது. 1972இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்காகச் சார்ல்ஸ் கெர்ஹார்ட் இலண்டனில் நேஷனல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவைக் கொண்டு கார்ன்கோல்டின் திரையிசையைப் புதிதாக வாசித்துப் பதிவு செய்தார். தயாரித்தவர் இசைஞரின் மகன் ஜார்ஜ் கார்ன்கோல்ட். ‘சீ ஹாக்’ என்ற பெயரில் வந்த அந்தத் தட்டு எதிர்பாராத வரவேற்பைப் பெற்றது. ஸ்டெய்னர், ஹெர்மன், ரோஷா என அவ்வரிசை தொடர்ந்தது. வசனமும் குளம்பொலியும் இன்றி அவ்விசையைச் சுவைஞர் தெளிவாகக் கேட்டது அப்போதுதான். தாம் ஊகித்தவை பல சரியென்றும் சில பிழையென்றும் அவர்கள் அறிந்தனர்.

கெர்ஹார்டின் பணியினும் துணிவானது எல்மர் பெர்ன்ஸ்டைனின் பணி. ‘டென் கமாண்ட்மெண்ட்ஸ்’, ‘மேக்னிஃபிசென்ட் செவன்’ ஆகிய படங்களுக்கு இசையமைத்துப் புகழுடன் விளங்கிய அவர், பிறருடைய இசையைக் காக்கத் தம் பொறுப்பில் 1974இல் ஒரு சந்தாத் திட்டத்தைத் தொடங்கினார். உறுப்பினர்க்கு அஞ்சலில் இசைத்தட்டு. கூடவே ஒரு காலாண்டிதழ். கடையில் கிட்டாது.

அவ்வரிசையில் ஒன்று தனித்துக் கூறத்தக்கது. 1966இல் ஹிட்ச்காக் இயக்கிய ‘டார்ன் கர்ட்டன்’ படத்துக்குப் பெர்னார்ட் ஹெர்மன் இசை எழுதினார். ‘வெர்டிகோ’, ‘சைக்கோ’ முதலியவற்றில் ஒன்றாய் உழைத்த இருவர் அவர்கள். நிறுவனம் விற்பனைக்கேற்ற இளைஞர் இசையை விரும்பியது. ஹெர்மன் எழுதியதோ 12 புல்லாங்குழல், 16 ஹார்ன், 9 டிராம்போன் என, வயலினே இல்லாத கனத்த இசை. கொலைக்காட்சிக்கு இசையே வேண்டாம் என்று இயக்குநர் சொல்லியிருந்தும் அதற்கும் எழுதியிருந்தார். ஒலிப்பதிவு நடுவிலேயே நிறுத்தப்பட்டது. நட்பும் அன்றோடு முறிந்தது. படம் வேறொருவர் இசையுடன் வெளிவந்தது. எந்தப் படத்திலும் ஒலிக்காத அந்த இசையை 1977இல் பெர்ன்ஸ்டைன் பதிவுசெய்து தம் சந்தாதாரர்க்கு அனுப்பினார். ஹெர்மன் கேட்கவில்லை, 1975 டிசம்பர் 24இல் அவர் மறைந்துவிட்டார். சந்தாத் திட்டமும் 1979இல் நின்றது. 1991இல் ‘கேப் ஃபியர்’ படம் மீண்டும் எடுக்கப்பட்டபோது, ஹெர்மனின் பழைய இசையைத் தழுவி அமைத்த பெர்ன்ஸ்டைன், ஒதுக்கப்பட்ட இவ்விசையின் சில பகுதிகளையும் அதனுள் சேர்த்தார். இருபத்தைந்து ஆண்டுக்குப் பின் அது திரையரங்கில் ஒலித்தது.

தொலைக்காட்சித் தொடர்களின் இசைக்கு இம்மதிப்பும் தாமதமாகவே கிட்டியது. அங்கே ஒரு தொடருக்கு எழுதிய இசையை வெட்டி வெட்டிப் பல வாரங்களுக்குப் பயன்படுத்துவது வழக்கம். ‘ட்விலைட் ஸோன்’ தொடரின் புகழ்பெற்ற முகப்பிசை, மாரியஸ் கான்ஸ்டன்ட் இசை நூலகத்துக்கென எழுதிய இரு சிறு துண்டுகளின் ஒட்டு. 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரிலும் இதே முறை. ஒரு போர்க்காட்சிக்கு ஜெரால்ட் ஃப்ரைட் எழுதிய இசை பின்னும் பல போர்களுக்கு உதவியது. எந்தத் துண்டு யாருடையது என்று கேட்டுக் கேட்டுப் பிரித்தறிந்ததில் சுவைஞரின் பங்கு பெரிது. 1990இல் லூகாஸ் கெண்டல் என்ற பள்ளி மாணவர் கடிதத் தொடர்புப் பட்டியலாகத் தொடங்கிய சிறு தாள், ‘ஃபிலிம் ஸ்கோர் மன்த்லி’ என்ற இதழாக வளர்ந்தது. அச்சிதழ் 2005இல் நின்றபோதும், அதன் பெயரால் பழைய திரையிசை ஏறத்தாழ 250 குறுந்தட்டு வெளியீடுகளாக வந்தது. பெர்ன்ஸ்டைனின் சந்தா வரிசை முழுவதும் 2006இல் 12 தட்டுகளாக அவ்வாறே மறுவாழ்வு பெற்றது. ‘ஸ்டார் ட்ரெக்’ முதல் தொடரின் இசை 2012இல் வேறொரு நிறுவனத்தால் 15 தட்டுகளாக வெளிவந்தபோது, அதன் தயாரிப்பிலும் கெண்டல் இருந்தார்.

அழிந்த ஏடுகளை மீட்கும் பணியும் நடந்தது. ஸ்டெய்னரிடம் பற்றுக் கொண்ட ஜான் மார்கன் என்ற சுவைஞர், ‘கிங் காங்’ இசையை மீட்டமைக்க, 1990களில் மாஸ்கோ சிம்பனி இசைக்குழு அதை வாசித்தது. எம்.ஜி.எம். இசைநாடகப் படங்களை எடுத்துக்கொண்டவர் ஆங்கிலேய இசை நடத்துநர் ஜான் வில்சன். எஞ்சிய சுருக்க ஏட்டை ஒரு பக்கம் வைத்து, படத்தின் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, மூன்றாம் கிளாரினெட் என்ன வாசித்தது, இரண்டாம் ட்ரம்பெட் எங்கே மூச்செடுத்தது என்று வரிவரியாக எழுதிச் சேர்த்தார். சில நொடி இசைக்கே பல மணிநேரம் தேவைப்பட்டது. 2009 ஆகஸ்ட் 1ஆம் நாள், இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில், பி.பி.சி. ப்ராம்ஸ் விழாவில், பள்ளத்துக்குள் போன அந்த ஏடுகளின் இசை முழு வாத்தியக் குழுவால் மீண்டும் வாசிக்கப்பட்டது.